ஒரு ஜெராக்ஸ் கடை, மூன்று பாடங்கள்: வணிகவியல் குரூப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் குரூப் எடுப்பவர்களுக்கு முதல் இரண்டு மூன்று மாதம் திண்டாட்டம்தான். பொருளியலை சமூக அறிவியலில் கொஞ்சமாவது தொட்டிருப்பார்கள். கணக்குப்பதிவியல் முழுக்கப் புதிது. பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு என்று சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்போது, பெரும்பாலானவர்கள் விதிகளை உருப்போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். பொருளியலுக்குத் தனி நோட்டு, வணிகவியலுக்குத் தனி நோட்டு. இந்த மூன்றும் ஒரே கடையைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது பலருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை உறைப்பதில்லை.

எனவே இங்கே ஒரே ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை, கூடவே நோட்டு, பேனா விற்பனை. முதலாளி நீங்கள். ஜூன் மாதம் திறக்கிறீர்கள். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே எழுதி வந்தால் நல்லது. படித்துவிட்டு மட்டும் போனால் பாதிதான் நிற்கும்.

முதலில் கடையையும் உங்களையும் பிரியுங்கள்

பாடப்புத்தகம் இதை வணிகத் தனித்தன்மைக் கருத்து என்று சொல்லும். விஷயம் இதுதான்: கணக்கு எழுதும்போது கடை ஒரு தனி ஆள். நீங்கள் வேறு, கடை வேறு. உங்கள் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைக் கடையில் போட்டால், கடை உங்களுக்கு 1 லட்சம் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனுக்குப் பெயர் முதல். கல்லாவிலிருந்து வீட்டு மளிகைக்கு 500 ரூபாய் எடுத்தால் அது கடையின் செலவு இல்லை. நீங்கள் போட்டதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். அதற்குப் பெயர் எடுப்புகள்.

சட்டப்படி தனியாள் வணிகத்தில் கடையின் கடனுக்கு உங்கள் வீடுவரை பொறுப்பு உண்டு. கணக்கில் மட்டும்தான் இந்தப் பிரிவினை. இந்த வேறுபாட்டைத் தேர்வில் கேட்டால் பலர் குழம்புகிறார்கள்.

சரி, ஜூன் மாதம் நடந்தவை இவை:

கடையில் நீங்கள் போட்ட பணம் 1,00,000 ரூபாய். மாமாவிடம் வட்டியில்லாக் கைமாற்று 50,000. செகண்ட் ஹேண்டில் ஜெராக்ஸ் மெஷின் 72,000, ரொக்கமாக. கடைக்கு அட்வான்ஸ் 30,000. ஹோல்சேல் கடையில் எடுத்த சரக்கு 60,000. அதில் 35,000 கையில் கொடுத்தீர்கள், 25,000 கடன். மாதக் கடைசிக்குள் அந்தக் கடனில் 10,000 அடைத்தாகிவிட்டது. ரொக்க விற்பனை 46,000. பக்கத்து டியூஷன் சென்டருக்குக் கடனாகக் கொடுத்த நோட்டுகள் 24,000. வாடகை 6,000. உதவியாளர் சம்பளம் 5,000. வீட்டுக்கு எடுத்தது 8,000. ஜூன் 30 இரவு எண்ணிப் பார்த்ததில் மிச்சமிருக்கும் சரக்கின் அடக்கவிலை 22,000.

ஜி.எஸ்.டி.யை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அடிப்படை பிடிபட்ட பிறகு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். இப்போதே கலந்தால் இரண்டும் புரியாது.

ஒவ்வொரு ரூபாய்க்கும் இரண்டு கேள்விகள்

இரட்டைப் பதிவு முறை நேற்று வந்ததில்லை. இத்தாலிய வணிகர்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தி வந்ததை 1494இல் வெனிஸ் நகரில் அச்சான ஒரு கணித நூலில் லூக்கா பாச்சியோலி என்ற துறவி விளக்கி எழுதினார். அவர் கண்டுபிடித்தார் என்று சில கைடுகளில் இருக்கும். கண்டுபிடிக்கவில்லை, எழுதிவைத்தார். நம் பக்கத்தில் செட்டிநாட்டு வணிகர்களும் பேரேடு எழுதி, ஐந்தொகை (எல்லாக் கணக்குகளின் இருப்பையும் தொகுத்துக் காட்டும் குறிப்பு) போட்டுத் தங்கள் கணக்கை முடித்தவர்கள்தாம்.

முறை எளிது. பணமோ பொருளோ நகரும் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எங்கிருந்து வந்தது? எங்கே போய்ச் சேர்ந்தது? போய்ச் சேர்ந்த இடம் பற்று. வந்த இடம் வரவு. மெஷின் வாங்கினீர்கள்: 72,000 மெஷினில் போய்ச் சேர்ந்தது, எனவே இயந்திரக் கணக்கு பற்று. ரொக்கத்திலிருந்து வந்தது, எனவே ரொக்கக் கணக்கு வரவு. மாமா பணம் கொடுத்தார்: ரொக்கத்தில் சேர்ந்தது, ரொக்கம் பற்று. மாமாவிடமிருந்து வந்தது, மாமாவின் கடன் கணக்கு வரவு. டியூஷன் சென்டருக்குக் கடனில் விற்றீர்கள்: பணமே நகரவில்லை, ஆனாலும் 24,000 மதிப்பு அவர்களிடம் போய் நிற்கிறது. டியூஷன் சென்டர் கணக்கு பற்று, விற்பனைக் கணக்கு வரவு.

வீட்டு வரவு செலவு எழுதிப் பழகியவர்கள் இடறுவது இங்கேதான். வீட்டில் பணம் வந்தால் அது வரவு. இங்கே பணம் வந்தால் ரொக்கக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் எழுதச் சொல்கிறார்கள். இதோடு சண்டை போடாதீர்கள். கணக்குப்பதிவியலில் பற்று என்றால் இடது பக்கம், வரவு என்றால் வலது பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் பணம் போட்டால் ‘வரவு வைக்கப்பட்டது’ என்று வங்கி எஸ்.எம்.எஸ். அனுப்புகிறதே என்று ஒருவர் கேட்கலாம். அது வங்கியின் நோட்டில் எழுதிய பதிவு. வங்கிக்கு நீங்கள் கடன் கொடுத்தவர், உங்களிடமிருந்து பணம் வந்தது, எனவே உங்கள் கணக்கு அங்கே வரவு. அதே பணத்தை உங்கள் கடை நோட்டில் எழுதினால் வங்கிக் கணக்கு பற்று. வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்ற பாடம் பின்னால் வரும்போது இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

பெறுபவர் பற்று, தருபவர் வரவு. உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் ஆதாயமும் வரவு என்ற மூன்று பொன்விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள், தேர்வில் கேட்பார்கள். ஆனால் சந்தேகம் வரும்போது மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்குத் திரும்புங்கள்.

பேரேடும் இருப்பாய்வும்

நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பேடு. அதையே கணக்கு வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. மாதக் கடைசியில் பேரேட்டின் ஒவ்வொரு கணக்கையும் கூட்டி இருப்பைக் கண்டு, பற்று இருப்புகளை ஒரு பக்கமும் வரவு இருப்புகளை மறு பக்கமும் அடுக்கினால் அது இருப்பாய்வு.

நம் கடையில் முதலில் ரொக்கக் கணக்கைப் பாருங்கள். உள்ளே வந்தது 1,00,000, 50,000, 46,000, ஆக 1,96,000. வெளியே போனது மெஷின், அட்வான்ஸ், சரக்கு, ஹோல்சேல் பாக்கி, வாடகை, சம்பளம், வீட்டுக்கு எடுத்தது, எல்லாம் சேர்த்து 1,66,000. மிச்சம் 30,000. கல்லாவையும் எண்ணிப் பாருங்கள். நோட்டு 30,000 சொல்லி, கல்லா 29,400 சொன்னால், 600 ரூபாய்க்கு யாரோ எதையோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் டீ.

இருப்பாய்வில் பற்றுப் பக்கம்: ரொக்கம் 30,000, மெஷின் 72,000, அட்வான்ஸ் 30,000, கொள்முதல் 60,000, டியூஷன் சென்டர் 24,000, வாடகை 6,000, சம்பளம் 5,000, எடுப்புகள் 8,000. மொத்தம் 2,35,000. வரவுப் பக்கம்: முதல் 1,00,000, மாமாவின் கடன் 50,000, விற்பனை 70,000, ஹோல்சேல் கடை 15,000. மொத்தம் அதே 2,35,000.

சமமாக வரவில்லை என்றால் பதற்றப்படாமல் வித்தியாசத்தைப் பாருங்கள். அது 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இலக்கங்களை இடம்மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 5,400 என்பதை 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. வித்தியாசம் இரட்டை எண்ணாக இருந்தால் அதைப் பாதியாக்கி, அந்தத் தொகை தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். 6,000 வாடகையை வரவுப் பக்கம் எழுதிவிட்டால் வித்தியாசம் 12,000 வரும்.

இருப்பாய்வு சமமாகிவிட்டால் கணக்கு சரி என்று நினைத்துவிடாதீர்கள். மெஷின் வாங்கிய 72,000ஐக் கொள்முதல் கணக்கில் எழுதியிருந்தாலும் இரு பக்கமும் சமமாகவே வரும். லாபம் மட்டும் தலைகீழாகிவிடும். ஒரு நடவடிக்கையையே எழுதாமல் விட்டாலும் அப்படித்தான்.

லாபம் எவ்வளவு?

பலர் இங்கே கல்லாவைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். கல்லாவில் இருப்பதில் மாமா பணமும் இருக்கிறது, ஹோல்சேல் கடைக்காரருக்குத் தர வேண்டியதும் இருக்கிறது. லாபத்தைத் தனியாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விற்பனை 70,000. கடனில் விற்ற 24,000 இன்னும் கைக்கு வரவில்லை என்றாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், விற்றாகிவிட்டது. வாங்கிய சரக்கு 60,000, அதில் 22,000 அலமாரியில் இருக்கிறது. அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் 38,000. மொத்த லாபம் 32,000.

இதிலிருந்து செலவுகளைக் கழிக்க வேண்டும். வாடகை 6,000, சம்பளம் 5,000. அப்புறம்? கரண்ட் பில். தமிழ்நாட்டில் கடைகளுக்குப் பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுப்பார்கள். ஜூனில் பில் வரவே இல்லை. ஆனால் ஜெராக்ஸ் மெஷின் ஜூன் முழுக்க ஓடியிருக்கிறது. மீட்டரைப் பார்த்து ஏறத்தாழ 1,500 ஆகியிருக்கும் என்று கணக்கிட்டால், அதை ஜூன் செலவில் சேர்த்து, கொடுபட வேண்டிய மின்கட்டணம் என்று பொறுப்பிலும் (கடை தர வேண்டியவை) காட்ட வேண்டும். புத்தகத்தில் ‘சரிக்கட்டுதல்’ என்று வரும் பதிவுகளில் முக்கால்வாசி இந்த ஒரே எண்ணம்தான்: எந்த மாதம் பணம் கொடுத்தோம் என்பதல்ல, எந்த மாதத்துக்கான செலவு என்பதே கேள்வி.

மெஷினும் அப்படியே. 72,000 ஜூனில் கொடுத்தீர்கள், ஆனால் அது ஜூனோடு முடியப்போவதில்லை. மூன்று வருடம் உழைக்கும், அதன்பிறகு பழைய இரும்புக்குக்கூட எதுவும் தேறாது என்று வைத்துக்கொண்டால், 36 மாதத்துக்குப் பிரித்து மாதம் 2,000 தேய்மானம். இது நேர்க்கோட்டு முறை. ஆண்டுதோறும் மிச்ச மதிப்பில் சதவீதம் கழிக்கும் குறைந்துசெல் மதிப்பு முறையும் இருக்கிறது, வருமான வரிக்கு இந்தியாவில் பெரும்பாலும் அதுதான்.

மொத்தச் செலவு 14,500. நிகர லாபம் 17,500. அட்வான்ஸ் 30,000ஐ இதில் தேடாதீர்கள். அது திரும்பி வரும் பணம், சொத்து. வீட்டுக்கு எடுத்த 8,000ம் இங்கே வராது.

ஒரு தேதியில் கடையிடம் இருப்பதையும் கடை தர வேண்டியதையும் காட்டுவது இருப்பு நிலைக் குறிப்பு. ஜூன் 30 நிலவரம் அதில் இப்படி இருக்கும். சொத்துகள்: ரொக்கம் 30,000, வர வேண்டியது 24,000, சரக்கிருப்பு 22,000, மெஷின் 70,000, அட்வான்ஸ் 30,000. மொத்தம் 1,76,000. பொறுப்புகள்: மாமா 50,000, ஹோல்சேல் கடை 15,000, மின்கட்டணம் 1,500, உங்கள் முதல் 1,09,500. இந்த 1,09,500 எங்கிருந்து வந்தது? போட்ட 1,00,000, அதோடு லாபம் 17,500, அதில் எடுத்த 8,000 போக. மொத்தம் அதே 1,76,000.

இனிப் பொருளியல்: இது உண்மையில் லாபமா?

கணக்குப்பதிவியல் 17,500 என்று சொல்லி முடித்துக்கொள்ளும். பொருளியல் அங்கிருந்து ஆரம்பிக்கும். கடை வைக்காமல் நீங்கள் ஒரு வேலைக்குப் போயிருந்தால் மாதம் 15,000 கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சத்தை வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டில் 6 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் மாதம் 500. இந்த இரண்டையும் விட்டுவிட்டுத்தான் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கைவிட்ட அந்த 15,500தான் வாய்ப்புச் செலவு. அதையும் கழித்தால் மிஞ்சுவது 2,000. எந்த ரசீதும் இல்லாத செலவு என்பதால் கணக்கேட்டில் இது தெரியாது. வீட்டு ஆட்கள் எல்லாம் சம்பளமில்லாமல் உழைக்கும் கடைகளில் லாபம் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது விலை. ஒரு பக்கம் ஜெராக்ஸ் 2 ரூபாய். பேப்பர் 60 காசு, டோனர் 40 காசு என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு ஆகும் மாறும் செலவு 1 ரூபாய். வாடகையும் சம்பளமும் நீங்கள் பத்துப் பக்கம் போட்டாலும் பத்தாயிரம் பக்கம் போட்டாலும் அதேதான், அவை நிலைச் செலவு. ஒவ்வொரு பக்கமும் அந்த நிலைச் செலவை அடைக்க 1 ரூபாய் தருகிறது. எதிர்க்கடைக்காரர் ஒன்றரை ரூபாய்க்கு இறக்குகிறார், நீங்களும் இறக்குகிறீர்கள். விலையில் குறைந்தது கால்பங்குதான். ஆனால் பக்கத்துக்குக் கிடைத்த 1 ரூபாய் இப்போது 50 காசு. பழைய நிலைக்கு வர நீங்கள் இரண்டு மடங்கு பக்கங்கள் போட வேண்டும்.

இரண்டு மடங்கு வருமா? விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதுதான் தேவை நெகிழ்ச்சி என்ற பாடம். ஹால் டிக்கெட்டுக்கு இரண்டு காப்பி வேண்டிய மாணவர், விலை குறைந்ததற்காக நாலு காப்பி எடுக்கப்போவதில்லை. ஜெராக்ஸுக்கான மொத்தத் தேவை அவ்வளவாக நெகிழாது. ஆனால் உங்கள் கடைக்கான தேவை நன்றாகவே நெகிழும், ஏனென்றால் அந்த மாணவர் சாலையைக் கடந்தால் எதிர்க்கடை. இரு கடைகளும் விலையைக் குறைத்துக்கொண்டே போனால் ஊரில் எடுக்கும் ஜெராக்ஸ் அவ்வளவாகக் கூடப்போவதில்லை, இருவர் லாபமும் கரையும். பல கடைகள் விலையை விட்டுவிட்டு ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று வேலையைக் கூட்டுவது இதனால்தான்.

லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் விற்பனை அளவான சமநிலைப் புள்ளியையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 70,000 விற்பனையில் மொத்த லாபம் 32,000. அதாவது 100 ரூபாய் விற்றால் ஏறத்தாழ 46 ரூபாய். மாத நிலைச் செலவு 14,500 (இதில் கரண்ட் பில்லையும் சேர்த்திருக்கிறேன், கறாராகப் பார்த்தால் அதில் ஒரு பங்கு மாறும் செலவு). 14,500ஐ அந்த விகிதத்தால் வகுத்தால் சுமார் 31,700. அதுவரை விற்பதெல்லாம் வாடகைக்கும் சம்பளத்துக்கும். அதற்கு மேல் விற்பதில்தான் உங்களுக்குப் பங்கு.

நிர்வாகம்

ஹென்றி ஃபயோலின் 14 மேலாண்மைக் கொள்கைகளை எல்லாரும் வரிசையாக உருப்போடுகிறார்கள். அவர் பிரான்சில் சுரங்க நிறுவனம் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்திய பொறியாளர். 1916இல் எழுதியது அந்த அனுபவத்திலிருந்துதான். உங்கள் கடையில் பொருத்திப் பார்த்தால் மறக்கவே மறக்காது. உதவியாளரிடம் நீங்கள் “பைண்டிங்கை முடி” என்கிறீர்கள். பணம் கொடுத்த உரிமையில் கடைக்கு வந்து உட்காரும் மாமா “முதல்ல அலமாரியைத் துடைடா” என்கிறார். பையன் யார் பேச்சைக் கேட்பான்? ஒரே ஆணை என்ற கொள்கை இதற்காகத்தான்.

ஆனால் சின்னக் கடையை முதலில் மூடவைப்பது ஆணைக் குழப்பம் அல்ல, நடைமுறை மூலதனத் தட்டுப்பாடு, அதாவது அன்றாடம் கடையை ஓட்டப் பணம் இல்லாமல் போவது. ஜூன் 30 அன்று லாபம் 17,500 என்று பார்த்தோம். கையில் 30,000. டியூஷன் சென்டர் ஆகஸ்டில்தான் தரும், ஹோல்சேல் கடைக்காரரோ ஜூலை பத்தாம் தேதி வந்து நிற்பார் என்றால்? லாபத்தில் ஓடும் கடை சரக்கு வாங்கக் காசில்லாமல் நிற்கும். எனவே கடன் கொடுக்கும்போதே தேதியைப் பேசி பில்லில் எழுதுங்கள். நீங்கள் கடன் வாங்கும் நாட்களைவிட, கடன் கொடுக்கும் நாட்கள் குறைவாக இருக்கட்டும். யார் எத்தனை நாளாகத் தரவில்லை என்று வாரம் ஒருமுறை ஒரு தாளில் எழுதுங்கள். சரக்கிலும் பணம் முடங்கும். ஜூனில் பறந்த நோட்டுகள் அக்டோபரில் நகராது.

கல்லாவைப் பார்ப்பவரும் கணக்கு எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. இரண்டு பேர் கடையில் அது முடியாது. எனவே இரவு கல்லாவை நீங்களே எண்ணுங்கள்.

ஜூலை உங்கள் பொறுப்பு

விடை பார்க்காமல் போட்டுப் பாருங்கள். டியூஷன் சென்டர் 14,000 தந்தது. ரொக்க விற்பனை 38,000, கடன் விற்பனை இல்லை. ஹோல்சேல் கடையில் 30,000க்குக் கடனில் சரக்கு எடுத்தீர்கள், அவருக்கு 20,000 கொடுத்தீர்கள். வாடகை 6,000, சம்பளம் 5,000. ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கரண்ட் பில் 3,200 வந்தது, உடனே கட்டிவிட்டீர்கள். மாமாவுக்கு 10,000 திருப்பினீர்கள். வீட்டுக்கு 8,000. ஜூலை 31இல் சரக்கிருப்பு 26,000.

ரொக்கம் 29,800 வர வேண்டும். இருப்பு நிலைக் குறிப்பின் இரு பக்கமும் 1,63,800 வர வேண்டும். மின்கட்டணத்தில் 3,200ஐயும் ஜூலைச் செலவாக எழுதியிருந்தால் தப்பு, 1,500 ஜூனிலேயே எழுதியாகிவிட்டது.

முடிவு நிகர நட்டம் 2,700. நாம் கண்ட சமநிலைப் புள்ளி 31,700, விற்றதோ 38,000. பிறகு ஏன் நட்டம்? ஜூலையில் 100 ரூபாய் விற்பனைக்கு மொத்த லாபம் எவ்வளவு என்று போட்டுப் பார்த்து, எதிர்க்கடைக்காரரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.